ஐஸில் வைக்காத ரத்தம்

அக்கா,

நேற்று உங்கள் மகள் ஒரு எவர்சில்வர் டப்பாவில் வடையும் பாயசமும் கட்டிக் கொடுத்தாள். உங்கள் பதினாறாம் நாள் காரியத்துச் சாப்பாடு. வீட்டுக்கு வந்ததும் வழக்கம்போல ஃபிரிட்ஜில் வைக்கப் போனேன். கதவைத் திறந்ததும் அந்தக் குளிர் முகத்தில் அடித்தது. கை அப்படியே நின்றுவிட்டது. டப்பாவை மேடைமேலேயே வைத்துவிட்டேன். காலையில் பாயசம் புளித்துப் போயிருந்தது. போகட்டும். எதை ஃபிரிட்ஜில் வைக்கலாம், எதை வைக்கக் கூடாது என்று உங்களுக்குச் சொல்லித் தந்தவளே நான்தான். நீங்கள் கேட்டு நடந்தீர்கள். நான் நடக்கவில்லை.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. சைதாப்பேட்டையில் ஆற்றங்கரையை ஒட்டி இருந்த அந்தச் சின்ன மலேரியா கிளினிக்கில் நீங்கள் ஆயா. நான் அடையாறில் ஓர் ஆய்வுக்கூடத்தில் பிராஜெக்ட் வேலை பார்த்தவள். வருஷா வருஷம் நீட்டித்துக் கொடுத்தால்தான் எனக்கு நாற்காலி. முதல் நாள் கிளினிக் வாசலில் வந்து நின்ற என்னைச் செருப்பிலிருந்து மூக்குக் கண்ணாடி வரை ஒரு பார்வை பார்த்தீர்கள். "இன்னா மேடம், எங்க ஊட்டுக் கொசுவப் பாக்க வந்தீங்களா, எங்களப் பாக்க வந்தீங்களா?" என்று கேட்டீர்கள். இரண்டு பேரையும்தான் என்றேன். பதில் பிடித்திருக்க வேண்டும், உட்கார ஸ்டூல் கிடைத்தது.

அந்தக் கோடையில் கரையோரக் குடிசைகளில் காய்ச்சல் இல்லாத வீடு குறைவு. மயிலாப்பூரில் எங்கள் வீட்டுக் கிணற்றிலும்தான் கொசு முட்டையிட்டது. எங்கள் தெருவிலும் நாலு பேர் போர்வைக்குள் நடுங்கினார்கள். ஆனால் வருஷத்துக்கு இரண்டு தரம், மூன்று தரம் என்று வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள் உங்கள் ஆட்கள்தான். நீங்கள்தான் ஒருநாள், பஞ்சு உருட்டிக்கொண்டே, அந்தக் கேள்வியைக் கேட்டீர்கள். "எனக்கு வந்தா ஒரு நாள் கம்பளி போத்திகினு படுப்பேன், மாத்திரய போட்டுகினு மூணாம் நாள் வேலைக்கு வந்துடுவேன். அதே ஜொரம் பசங்களுக்கு வந்தா மட்டும் ஏன் மேடம் இப்டித் தூக்கித் தூக்கிப் போடுது?"

எங்கள் பிராஜெக்டின் மொத்த விஷயமும் அந்தக் கேள்விதான், அக்கா. நாங்கள் அதை இங்கிலீஷில் மூன்று பக்கத்துக்கு எழுதி வைத்திருந்தோம். காய்ச்சல் வந்து போன பெரியவர்களிடமும் குழந்தைகளிடமும் கொஞ்சம் ரத்தம் எடுப்பது. அதிலிருந்து வெள்ளை அணுக்களை உயிரோடு பிரித்து எடுப்பது. செத்த மலேரியாக் கிருமியை அரைத்து அவற்றின்முன் வைப்பது. யாருடைய அணுக்கள் எப்படித் துள்ளுகின்றன என்று ஆறு நாள் கழித்துப் பார்ப்பது. உயிரோடு என்பதுதான் இதில் முக்கியம். அதனால்தான் ரத்தத்தை ஐஸில் வைக்கவே கூடாது என்று உங்களிடம் படித்துப் படித்துச் சொன்னேன். வெயிலும் ஆகாது, குளிரும் ஆகாது. நமக்கு எது சுகமோ அதுதான் அதற்கும் சுகம் என்றேன்.

காய்ச்சலோடு வரும் குழந்தைகளின் விரலில் குத்தி ரத்தம் எடுப்பது கிளினிக் நர்ஸ். குழந்தையை மடியில் வைத்துப் பிடிப்பது நீங்கள். அதை நான் முதல் தடவை பார்த்தபோது அசந்துபோனேன். விரலைப் பஞ்சால் துடைத்து, எல்லாம் தயார் ஆன பிறகும் குத்த விடமாட்டீர்கள். ஆற்றுப் பாலத்தில் எலெக்ட்ரிக் ட்ரெயின் வரும் சத்தத்துக்குக் காத்திருப்பீர்கள். சத்தம் கேட்டதும், "தோ பாரு, எத்தினி பொட்டி, எண்ணு" என்பீர்கள். குழந்தை ஜன்னல் பக்கம் திரும்பி எண்ண ஆரம்பிக்கும். நர்ஸுக்குக் கண்ணைக் காட்டுவீர்கள். கடைசிப் பெட்டி போவதற்குள் வேலை முடிந்திருக்கும்.

எங்கள் பிராஜெக்டுக்காகப் பெரியவர்களிடம் எடுத்த ரத்தக் குழாய்களைப் பழைய வாயில் புடவைக் கிழிசலில் ஒவ்வொன்றாகச் சுற்றி, உங்கள் பச்சை ஒயர் கூடையில் படுக்கவைத்து, பஸ் ஏறி அடையாறு வருவீர்கள். காலையில் பஸ்ஸில் லேடீஸ் பக்கம் நிழல் விழும் என்பதைக் கவனித்து வைத்திருந்தீர்கள். அந்தப் பக்கம் சீட் இல்லையென்றால் அடுத்த பஸ். கூடை மடியில், முந்தானை கூடைமேல். கண்டக்டர் என்னம்மா குழந்தையா என்று கேட்டதாகவும், ஆமா, எட்டு இருக்குது, டிக்கெட் எடுக்கணுமா என்று நீங்கள் திருப்பிக் கேட்டதாகவும் சொல்லிச் சிரித்தீர்கள். நீங்கள் கொண்டு வந்த ஒரு குழாய்கூட அதுவரை கெட்டதில்லை.

பெரியவர்களில் உங்கள் ரத்தமும் ஒன்று. ஆறாம் நாள் உங்களை மைக்ராஸ்கோப்பில் பார்க்க வைத்தேன். ஒரு கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு வெகுநேரம் பார்த்தீர்கள். உங்கள் அணுக்கள் கிருமியை அடையாளம் கண்டு கொத்துக் கொத்தாகக் கூடியிருந்தன. "ஜவ்வரிசி மாறி கீது. இது நானா?" என்றீர்கள். நீங்கள்தான் என்றேன். அன்றைக்கெல்லாம் உங்கள் நடையே வேறாக இருந்தது.

அப்புறம் குழந்தைகளின் முறை. விரல் நுனியில் குத்துவது அந்த அம்மாக்களுக்குப் பழக்கம். கையில் ஊசி போட்டு எடுப்பதென்றால் பயம். "நானே குடுத்துகீறேன், எனக்கு இன்னா ஆயிடுச்சி?" என்று உங்கள் முழங்கையைக் காட்டிக் காட்டி எட்டு வீட்டைச் சம்மதிக்க வைத்தீர்கள். தேதி குறித்தவள் நான். காலண்டரைப் பார்க்காமல் குறித்தேன். அது பங்குனியில் அறுபத்துமூவர் உற்சவ நாள்.

மயிலாப்பூரில் பிறந்தவள் அதை மறப்பாளா என்று கேட்பீர்கள். மறந்தேன். காலையில் அம்மா ஆய்வுக்கூடத்துக்கே போன் போட்டாள். "அறுபத்துமூவர் அன்னிக்கு லேப்பைக் கட்டிண்டு அழுவியா? மூணு மணிக்கு சுவாமி பொறப்பாடு. அவா ரெண்டு மணிக்கே நம்மாத்துக்கு வந்துடுவா. ரோட்டை அடைச்சுட்டா நீ எப்படி வருவே?" அவா என்றால் என்னைப் பெண் பார்க்க வரும் வீட்டார். மொட்டை மாடியிலிருந்து உற்சவம் பார்க்கிற சாக்கில் என்னையும் பார்த்துவிட்டுப் போவதாக ஏற்பாடு.

நீங்கள் கூடையோடு வந்தபோது பதினொன்றே முக்கால். எட்டுக் குழாயிலிருந்தும் அணுக்களைப் பிரிக்க நாலு மணி நேரமாவது வேண்டும். கரண்ட் வேறு போய், அறை அனலாகக் கொதித்தது. ஃபிரிட்ஜ் மட்டும் ஜெனரேட்டரில் ஓடிக்கொண்டிருந்தது. என் வீட்டில் எது மிஞ்சினாலும், பாலோ மாவோ ரசமோ, கெடாமலிருக்க ஃபிரிட்ஜுக்குள் தள்ளுவோம். என் கை அந்தப் பழக்கத்தில் போனது என்று ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். பொய். தெரிந்துதான் வைத்தேன். காலிக் கூடைக்காக நீங்கள் பக்கத்திலேயே நின்றிருந்தீர்கள். "மேடம், அது குளுராச்சே?" என்றீர்கள். ஒரு ராத்திரிதான் அக்கா, ஒன்றும் ஆகாது என்று சொல்லிவிட்டுக் கைப்பையை எடுத்தேன்.

அந்த வரன் தகையவில்லை. என் மூக்கு அவர்களுக்குப் பிடிக்கவில்லையாம். அது என்ன, வந்த பிறகா தெரியும்? போட்டோவில் மூக்கு இல்லையா?

மறுநாள் எட்டுக் குழாயையும் எடுத்து வேலையைச் செய்தேன். ஆறு நாள் காத்திருந்தேன். குழந்தைகளின் அணுக்கள் அசையவே இல்லை. எந்த அணு உயிரோடு இருந்தாலும் அதைத் துள்ளவைக்க ராஜ்மா மாதிரிப் பயறிலிருந்து எடுத்த ஒரு சாறு வைத்திருப்போம். அதற்கும் அசையவில்லை. அப்படியென்றால் இது குழந்தைகளின் குணம் இல்லை, அணுக்கள் செத்துவிட்டன என்று அர்த்தம். எங்கள் பேராசிரியர் கோபக்காரர். நீட்டிப்புக் கடிதத்தில் கையெழுத்துப் போடவேண்டியவரும் அவர்தான். எப்படி ஆயிற்று என்று கேட்டார். "பஸ்ல வரும்போது ஏதாவது ஆயிருக்கலாம் சார்" என்றேன்.

இதைச் சொன்னது நான்தான், அக்கா. யாரும் என்னைச் சொல்லச் சொல்லவில்லை.

அன்று பார்த்தா நீங்கள் வேறு குழாய்களோடு வரவேண்டும்? வாசலிலேயே உங்களை நிறுத்தி, "என்னம்மா, வர்ற வழியில ஐஸ் கிஸ் வெச்சியா?" என்றார் அவர். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். பிறகு அந்த ஃபிரிட்ஜைப் பார்த்தீர்கள். நான் தரையைப் பார்த்தேன்.

"ஆமா சார். வெயிலா கீதேன்னு வெச்சிட்டேன்" என்றீர்கள்.

அவர் கத்தினார். இந்த மாதிரி ஆட்களை நம்பி ஆராய்ச்சி செய்தால் இப்படித்தான் என்றார். நீங்கள் கூடையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தீர்கள். நான் எதையோ கழுவுகிற மாதிரி தண்ணீரைத் திறந்துவிட்டேன். நினைத்தால் இப்போதும் காது மடல் சுடுகிறது.

பஸ் ஸ்டாப்பில் உங்களைத் துரத்திப் பிடித்தேன். மன்னிப்புக் கேட்க வந்தேன் என்று சொன்னால் நன்றாக இருக்கும். ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்றுதான் கேட்டேன், ஏதோ நீங்கள் செய்ததுதான் விசித்திரம் என்பதுபோல. அதுவரை மேடம் என்று கூப்பிட்டவர் அன்றுதான் நீ என்றீர்கள். "உன்ன வேலய உட்டுத் தூக்கிடுவாங்க. என்ன எங்க தூக்குவாங்க, ஆயாவுக்குக் கீழ இன்னா வேல கீது?" என்றீர்கள். சிரிப்பே இல்லாமல் சொன்னீர்கள். உங்களுக்குக் கோபம் இருந்தது. ஒரு பஸ்ஸை விட்டுவிட்டு அடுத்த வார்த்தையைச் சொன்னீர்கள். "அந்தப் பசங்களத் திரும்பக் குத்தணும், அவங்க ஆத்தாளுங்களுக்கு நான் பதில் சொல்லிக்கிறேன். ஆனா ஏன் பசங்களுக்கு மட்டும் தூக்கிப் போடுதுன்னு கண்டுபுடிச்சிட்டு, நீ வரணும். வந்து உன் வாயால அவங்களாண்ட சொல்லணும்."

வருகிறேன் என்றேன். உங்கள் கையைத் தொட்டுச் சொன்னேன்.

இரண்டாம் தடவை ரத்தம் எடுத்தபோது பேராசிரியர் என்னையும் அனுப்பினார். எதற்கு? நீங்கள் ஐஸ் வைத்துவிடாமல் பார்த்துக்கொள்ள. நானும் போனேனே. அந்த அம்மாக்களில் ஒருத்தி பட்டினப்பாக்கத்திலிருந்து மீன் வாங்கி வந்து விற்பவள். அவள் வைத்தாளே ஒரு வசவு. "மீன ஐஸ்ல வெச்சா நல்லா கீது, ரத்தம் கெட்டுப் பூடுமா? இன்னாத்த ஐஸ் வெச்ச நீ? ஒம் பேச்ச நம்பித்தான எம் பொண்ணக் குடுத்தேன்?" நான் நர்ஸுக்குக் குழாயை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். இரண்டடி தூரத்தில். ஒரு வார்த்தை போதும், வாயில் இருந்தது, விழுங்கினேன். நீங்கள் தப்புதான், தப்புதான் என்று சொல்லிக்கொண்டே அவள் பெண் தேவியை மடியில் இழுத்து வைத்தீர்கள். ஐந்து வயசு அதற்கு. ட்ரெயின் வந்தது. "எத்தினி பொட்டி, எண்ணு" என்றீர்கள். எண்ணமாட்டேன் என்று கண்ணை இறுக மூடிக்கொண்டது. போன தடவை ட்ரெயின் வந்தபோது என்ன நடந்தது என்று அதற்குத் தெரியும். அதன் உடம்பின் அணுக்கள் கிருமியை ஞாபகம் வைத்திருக்குமா என்று நாங்கள் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தோம். குழந்தை ஊசியை ஞாபகம் வைத்திருந்தது. நீங்கள் முதல் தடவையாக ட்ரெயின் இல்லாமல் வெறும் கையால் அதைப் பிடித்திருந்தீர்கள். அது அழுதது. மற்ற ஏழு பேரும் வரிசையில் நின்றபடியே அழுதார்கள்.

அந்த ரத்தத்தை அன்றைக்கே பிரித்தேன். நன்றாக வந்தது. கட்டுரை வெளியானது. என் வேலையும் நீட்டிக்கப்பட்டது. கட்டுரையின் கடைசியில் களப்பணியாளர்களுக்கு நன்றி என்று ஒரு வரி. அந்த வரிக்குள் நீங்கள் எங்கேயோ இருக்கிறீர்கள், பெயர் இல்லாமல்.

நான் வரவில்லை. முதலில் முடிவு உறுதியாகட்டும் என்று இருந்தேன். பிறகு கட்டுரை அச்சாகட்டும் என்று. அதற்குப் பிறகு சாக்கு எதுவும் கிடைக்கவில்லை. அந்தக் குடிசை வாசல்களில் நின்று பேச ஆரம்பித்தால் ஐஸைத் தாண்டிப் பேச முடியாது என்ற பயம் மட்டும் இருந்தது. கல்யாணமாகி தி.நகருக்குப் போனேன். சைதாப்பேட்டை அங்கிருந்து எவ்வளவு தூரம்? கூப்பிடு தூரம்.

ஒரு தீபாவளிக் கூட்டத்தில் ரங்கநாதன் தெருவில் உங்களைப் பார்த்தேன். முகத்துக்கு முன் கூடைதான் கண்ணில் பட்டது. அதே பச்சை ஒயர், கைப்பிடி மட்டும் நீலத்தில் பின்னியிருந்தது. எதிரே வந்துகொண்டிருந்தீர்கள். நான் சட்டென்று ஒரு கடைக்குள் புகுந்து ரவிக்கைத் துணி காட்டச் சொன்னேன். கடைக்காரர் என்ன கலர் என்று கேட்கிறார், எனக்குச் சொல்லத் தெரியவில்லை. முதுகைக் காட்டிக்கொண்டு எத்தனை துண்டு பிரித்துப் பார்த்தேனோ. நீங்கள் பார்த்தீர்களா என்று எனக்குத் தெரியாது. பார்த்திருந்தாலும் கூப்பிட்டிருக்கமாட்டீர்கள். சீ, என்ன பிழைப்பு.

நீங்கள் போய்விட்டதை அந்தக் கிளினிக் நர்ஸ்தான் போனில் சொன்னாள், காரியம் எந்த நாள் என்பதையும். கரையோரத்தை எப்போதோ காலி செய்து ஊருக்கு வெளியே அடுக்குமாடி வீடுகளில் கொண்டுபோய் வைத்துவிட்டார்கள். இரண்டு பஸ் மாறிப் போனேன். மூன்றாவது மாடி. உங்கள் போட்டோவுக்கு மாலை போட்டிருந்தது. கும்பலாக உட்கார்ந்து உங்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். உங்கள் பெயரை யாரும் சொல்லவில்லை. எல்லோரும், குஞ்சு குளுவான் உட்பட, ஐஸ் ஆயா, ஐஸ் ஆயா என்கிறார்கள். வேறு யாரையோ சொல்கிறார்கள் என்று நினைத்தேன். உங்கள் மகளிடம் கேட்டேன். "அம்மாவத்தான். எப்பவோ லேப்புக்குக் கொண்டு போற ரத்தத்த ஐஸ்ல வெச்சிக் கெடுத்துட்டாங்களாம். அப்ப வெச்ச பேரு" என்றாள்.

அவ்வளவு வருஷமும் அந்தப் பேரோடுதான் இருந்தீர்களா அக்கா? கடைக்குப் போகும்போது, தண்ணீர் பிடிக்கும்போது, எல்லோரும் அப்படித்தான் கூப்பிட்டார்களா?

என்னால் உட்கார முடியவில்லை. எழுந்து நின்று சொன்னேன். சத்தமாகவே சொன்னேன், எல்லோர் முன்னாலும். ஐஸ் வைத்தது அவர் இல்லை, நான். ஃபிரிட்ஜில் வைத்தது நான். என் வேலை போய்விடும் என்று அவர் பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டார். பிறகு, இடுப்பில் குழந்தையோடு நின்றிருந்த ஒரு பெண் வந்து, மீன்காரம்மா பொண்ணு என்று சொல்லி என் கையைப் பிடித்தாள். தேவி. கண்ணை மூடிக்கொண்டு அழுத அதே தேவி.

"செத்தவங்க பேரக் காப்பாத்தணும்னு இம்மாந் தூரம் வந்து பழிய உங்க மேல போட்டுக்கிறீங்க பாருங்க. பெரிய மனசு மேடம் உங்களுக்கு" என்றாள்.

இல்லை, நிஜம் என்றேன். உங்கள் மகளும் கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையை ஆட்டினாள். அவர்கள் பக்கத்தில் இதுவொன்றும் புதிதில்லைபோல. இறந்தவருக்காக நாலு நல்ல வார்த்தை சொல்வதில் சேர்த்துவிட்டார்கள். ஆயாவே தன் வாயால ஒத்துக்கிச்சே மேடம் என்றார் ஒரு பெரியவர். படித்தவள் எப்படிப் பேசுகிறாள் பார் என்று இன்னொருத்தி. எனக்கு முதல் இலை போட்டார்கள். இரண்டாவது வடை வைத்தார்கள். நான் சாப்பிட்டேன் அக்கா. வேறென்ன செய்ய?

அந்தக் கேள்விக்குப் பதிலை அங்கே யாரும் கேட்கவில்லை. உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன். உங்கள் ரத்தத்திலிருந்த அணுக்கள் அந்தக் கிருமியைப் பலமுறை பார்த்தவை. வந்ததும் அடையாளம் கண்டு, செய்யவேண்டியதைச் செய்துவிட்டு, தாமே அடங்கின. நீங்கள் மூன்றாம் நாள் வேலைக்கு வந்தீர்கள். தேவியின் அணுக்களுக்கு அது புது முகம். சில குழந்தைகளிடம் அவை யாரென்றே தெரியாமல் விழித்தன. சிலரிடம் அடங்கத் தெரியாமல் கூச்சல் போட்டன. குழந்தையைத் தூக்கிப் போட்டதில் கிருமிக்குப் பாதிப் பங்கு என்றால் அந்தக் கூச்சலுக்கு மீதி. இதற்கு வயது காரணமா, பழக்கம் காரணமா என்று எங்களால் முடிவாகச் சொல்ல முடியவில்லை. இரண்டும்தான் என்று நினைக்கிறேன். இவ்வளவுதான். சொல்ல ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை.

உங்கள் மகள் அந்த ஒயர் கூடையையும் என்னிடமே கொடுத்துவிட்டாள், உங்கள் ஞாபகமாக இருக்கட்டும் என்று. அடியில் அந்த வாயில் புடவைக் கிழிசல் மடித்தபடி இருக்கிறது. வாங்கமாட்டேன் என்று சொல்லத் தைரியம் வரவில்லை. பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன், வெயில் விழுகிற பக்கத்தில்.

ஐஸ் வைத்தது நான்தான் என்று இந்த உலகத்தில் ஒரே ஒரு ஆளுக்குத்தான் தெரியும். அவரும் போய்விட்டார். இனிமேல் நான் யாரிடம் சொன்னாலும் எனக்குப் பெரிய மனசு என்றுதான் சொல்வார்கள், அக்கா.